பிரேசர் மலையின் புல்வெளியும் அதன் குடிகளும்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றனர். பகுத்துப் பெயரிட்டதோடு அவர்கள் அமையவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்துத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. நிலம் என்பது வெறும் மண்ணன்று. அதில் வாழும் உயிர்களும், அவ்வுயிர்களோடு கூடி வாழும் மாந்தர்தம் தொழிலும் சேர்ந்ததே நிலம் என்பது அப்பாகுபாட்டின் உட்கிடையாகும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் வகுப்பில் அமர்ந்து இப்பாடத்தைக் கற்கும் மாணவர்க்குக் குறிஞ்சி என்பது தமிழகத்து மலைகளில் எங்கோ இருப்பதாகவே தோன்றும். ஆயினும், கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூரும் பகாங்கும் எல்லை வகுத்துக்கொள்ளும் தித்திவங்சா மலைத்தொடரின்மீது, நம் நாட்டுக் குறிஞ்சி ஒன்று முகிலைப் போர்த்திக் கிடக்கிறது. பிரேசர் மலை என்பது அதன் பெயர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4000 அடி முதல் 5000 அடி வரை உயர்ந்த இம்மலையின் நடுவே 9 குழிகள் கொண்ட ஒரு கோல்ப் மைதானம் உள்ளது. நாற்புறமும் காடு சூழ, நடுவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அப்புல்வெளியின் வரலாறு, மனிதன் மலையை எவ்வாறு நடத்தினான் என்பதற்கும், மலை அவனுக்கு என்ன விடை கூறிற்று என்பதற்கும் ஒரு சான்றாகும்.

ஈயம் தேடி வந்தவர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயம் மலாயாவின் பெருஞ்செல்வமாக விளங்கிற்று. அந்நாளில் லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இம்மலைப் பகுதிக்கு வந்தார். மலைமேல் எடுக்கப்பட்ட ஈயமண் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றப்பட்டு, செங்குத்தான ஒற்றையடிப் பாதை வழியே கீழுள்ள சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அப்போக்குவரத்தை நடத்தியவர் பிரேசர். சுரங்கத் தொழிலாளர்க்கென அவர் சூதாட்டக் கூடமும் அபின் கூடமும் நடத்தியதாகவும் கூறுவர். ஏறத்தாழ 1910ஆம் ஆண்டில் அவர் எவருக்கும் சொல்லாமல் மறைந்து போனார். எங்குச் சென்றார் என்பது அந்நாளில் அங்கிருந்தோர்க்குத் தெரியவில்லை. அவர் பெயர் மட்டும் மலைக்கு நிலைத்துவிட்டது.

1917ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் பெர்குசன் டேவி, சிலாங்கூர் குரு சாம்பியன் என்பவரோடு மலையேறிப் பிரேசரைத் தேடினார். தேடிய மனிதர் கிடைக்கவில்லை. ஆனால் தண்ணென்ற காற்றும், தெளிந்த ஓடைகளும், இரவில் போர்வை கேட்கும் குளிரும் அவரைக் கவர்ந்தன. ஐரோப்பியர் ஓய்வு கொள்ளத் தகுந்த இடம் இது என அவர் அரசுக்கு எடுத்துரைத்தார். அது முதல் உலகப்போர் நடந்த காலம். தாயகத்துக்கு விடுமுறையில் செல்ல இயலாத ஆங்கில அதிகாரிகள் வெப்பத்தால் வாடிக்கொண்டிருந்தனர். ஆதலின் அவருடைய யோசனைக்குச் செவிகள் காத்திருந்தன. 1919இல் பணிகள் தொடங்கின. 1922இல் மலைவாசத்தலம் திறக்கப்பட்டது.

இத்தகைய தலம் ஒன்று அமைக்கப்படின் அதில் கோல்ப் மைதானமும் இருத்தல் வேண்டும் என்பது அக்கால ஆங்கிலேயர் வழக்கம். இலங்கையின் நுவரெலியாவில் 1889இலும், தமிழகத்தின் கொடைக்கானலில் 1895இலும் கோல்ப் சங்கங்கள் தோன்றிவிட்டன. கோலாலம்பூரிலும் 1893இலேயே சிலாங்கூர் கோல்ப் சங்கம் நிறுவப்பட்டிருந்தது. ஆனால் பிரேசர் மலையில் சமநிலம் அரிது. சரிவும் பள்ளமுமே மிகுதி. மரங்கள் முன்னரே வெட்டப்பட்டு, மண் புரட்டப்பட்டு, வெறுமையாகக் கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதுவே பழைய ஈயச் சுரங்கம். 1920களில் அச்சுரங்கப் புண்ணின்மீது புல் விதைக்கப்பட்டு ஆடுகளம் எழுந்தது. இன்று காண்போர் கண்ணுக்கு இயற்கையின் எழிலாகத் தோன்றும் அப்பசுமை, உண்மையில் ஓர் ஆறிய தழும்பின்மேல் இட்ட போர்வையே.

சாலை இட்ட கைகள்

மலைவாசத்தலங்களின் வரலாற்றை எழுதியோர் பேராயரையும் அதிகாரிகளையும் பெயர் சொல்லிப் போற்றினர். கீழிருந்து மேலே செல்லும் பாதையை அமைத்துக் காத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதினாரில்லை. கோலாலம்பூரிலிருந்து கோலா குபு வரை இரயில்பாதை 1890களில் இடப்பட்டது. கோலா குபுவிலிருந்து கணவாயைக் கடந்து பகாங்கின் ரவூப், கோலா லிப்பிஸ் நோக்கிச் செல்லும் சாலையும் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததே. மலாயாவின் இரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக உழைத்தமை அனைவரும் அறிந்த உண்மை. மழை பெய்து மண் சரியுந்தோறும் சாலையைச் செப்பனிட்டவர்களும், வடிகால்களைத் தூர் வாரியவர்களும் அவர்களே. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, அவ்வுழைப்பின் வழிவந்தவை. அன்னார் மலைக்கு ஓய்வு கொள்ளச் சென்றவர்களல்லர். மலையை மற்றவர் அடையுமாறு செய்தவர்கள்.

'கேப்' எனப்படும் கணவாயிலிருந்து மலையுச்சிக்குச் செல்லும் குறுகிய பாதையில் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வண்டிகள் செல்ல இயலும். அதற்கென வாயில் அமைத்து, ஏறுவோர்க்கு ஒரு நேரமும் இறங்குவோர்க்கு ஒரு நேரமும் வகுத்தனர். இவ்வருமை மலைக்கு ஒருவகையில் அரணாயிற்று. எளிதில் அடைய முடியாத இடத்தில் காடும் எளிதில் அழிவதில்லை.

அருங்காட்சியகமும் பறவைகளும்

மலையின் உயிர்களை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த பணி கோலாலம்பூரோடு தொடர்புடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் ராபின்சன் என்பார், இம்மலைத்தொடரின் பறவைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். தீபகற்பத்தின் மலைகளில் மட்டுமே காணப்படும் கருநீலச் சீழ்க்கைப் பறவை ஒன்று அவர் பெயரையே அறிவியற்பெயரில் தாங்கி நிற்கிறது. மலாய்த் தீபகற்பத்துப் பறவைகள் பற்றிய அவருடைய பெருநூலின் இரண்டாம் தொகுதி 1928இல் வெளிவந்தது. மலைவாசத்தலங்களின் பறவைகளுக்கென்றே அது ஒதுக்கப்பட்டது. மலையில் ஆடுகளம் அமைத்த தலைமுறையே அம்மலையின் பறவைகளையும் எண்ணிப் பதிவு செய்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ராபின்சன் பணியாற்றிய அவ்வருங்காட்சியகம் பிரிக்பீல்ட்ஸின் அருகே இருந்தது. 1945ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஜப்பானியர் ஆட்சிக்கு எதிராக இரயில் நிலையப் பகுதியைக் குறிவைத்து நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் தவறி அதன்மீது விழுந்தன. கட்டடத்தின் ஒரு பகுதி அழிந்தது. அதே இடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் படிகளில் நாள்தோறும் ஏறி இறங்கும் மாணவர் பலர், மலைப்பறவைகளின் முதல் ஏடு அவ்விடத்தில் உருவானதை அறியார்.

போருக்குப் பின் வந்த அவசரகாலத்தில் மலைப்பாதை அச்சத்தின் பாதையாயிற்று. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, கணவாய்க்குக் கீழே பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவசரகாலம் 1960இல் முடிவுற்றது.

அமைதி திரும்பியபின் அறிஞரும் திரும்பினர். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெட்வே பிரபு, டேவிட் வெல்ஸ் ஆகியோர் பிரேசர் மலையில் இரவில் வலசை செல்லும் பறவைகளை ஆராய்ந்தனர். மூடுபனி இரவுகளில், வடக்கேயிருந்து வரும் பறவைகள் மலைமேலுள்ள விளக்குகளின் ஒளியால் திசை மயங்கித் தாழ்ந்து வரும். அவற்றை வலையிற்பிடித்து, காலில் வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டனர். ராபின்சன் தொடங்கிய பெருநூலின் ஐந்தாம் தொகுதியை 1976இல் இவ்விருவருமே எழுதி நிறைவு செய்தனர். 1988 முதல் அனைத்துலகப் பறவை காணும் போட்டியும் இம்மலையில் நடைபெறலாயிற்று.

புல்வெளியின் குடிகள்

விடியற்காலையில் புல்வெளியின்மீது மூடுபனி படிந்திருக்கும். அவ்வேளையில் தொலைவிலுள்ள சரிவிலிருந்து எழும் ஒலி மலை முழுதும் அதிரும். அது சியாமாங் என்னும் கருங்குரங்கின் குரல். வாலில்லாக் குரங்குகளுள் கிப்பன் இனத்தில் மிகப் பெரியது இது. தொண்டையிலுள்ள பையைக் காற்றால் உப்பவைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து குரலெழுப்பித் தம் எல்லையை அறிவிக்கும். அவ்வொலி ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். ஆனால் புல்வெளியில் அது இறங்குவதில்லை. கிளைக்குக் கிளை கையால் தாவிச் செல்லும் அதற்கு, மரமில்லாத வெளி கடலுக்கு ஒப்பானது.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கரிய மந்திகள் மைதானத்தின் ஓர மரங்களில் இளந்தளிர் மேயும். அவற்றின் குட்டிகள் பொன்னிறமாய்ப் பிறந்து, வளர வளரக் கருமை பெறும். இலையைச் செரிப்பதற்கென்றே அறைகளாகப் பகுக்கப்பட்ட இரைப்பை உடையவை இவை. ஆதலின் விருந்தினர் வீசும் ரொட்டியும் இனிப்பும் அவற்றுக்கு உணவாவதில்லை, தீங்கே விளைக்கும். 'பெரோக்' எனப்படும் குட்டைவால் குரங்குகளோ எதையும் உண்ணும். தரையிலும் அஞ்சாது நடக்கும்.

இரவில் காட்டுப்பன்றிகள் வரும். புல்லின் அடியிலுள்ள மண்புழுவையும் கிழங்கையும் தேடி மூக்கால் தரையைக் கிளறும். காலையில் மைதானப் பணியாளர் காணும் உழுத நிலம் அவற்றின் கைவண்ணமே. சிறுத்தையும் இம்மலைத்தொடரில் உண்டு. மலாய்த் தீபகற்பத்துச் சிறுத்தைகளுள் மிகப்பெரும்பாலானவை கருநிறம் படைத்தவை. காட்டின் இருளில் கருமை அவற்றுக்குத் துணையாதல் கூடும்.

பகலொளி ஏறியதும் பறவைகளின் ஆட்சி. இம்மலையில் 250க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. புல்வெளிக்குமேல் தகைவிலான்கள் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். வடநாடுகளின் குளிருக்குத் தப்பி வந்த சாம்பல் வாலாட்டி ஓடைக்கரையில் வாலை அசைத்து நடக்கும். ஓர மரங்களின் பூக்களில் தேன்சிட்டுகளும் நீண்ட அலகுடைய சிலந்திபிடிப்பான்களும் மொய்க்கும். வெள்ளிநிறச் செவியும் செம்மஞ்சள் மார்பும் உடைய சிறு பறவைகள் கூட்டமாய் வந்து புதர்களைத் துழாவும். துடுப்புப் போன்ற வால் கொண்ட கரிச்சான் அக்கூட்டத்தைத் தொடர்ந்து சென்று, அது கலைத்தெழுப்பும் பூச்சிகளைக் கவர்ந்துண்ணும். இரவெல்லாம் விளக்கொளிக்கு ஈர்க்கப்பட்டுச் சுவரில் அமர்ந்திருந்த விட்டிற்பூச்சிகள் காலையில் இப்பறவைகளுக்கு விருந்தாகும்.

இத்தனை உயிர்களை ஒரே இடத்தில் காணும் பார்வையாளர், மைதானம் அமைத்ததால் மலைக்குக் கேடில்லை என்று எண்ணக்கூடும். இவ்வெண்ணம் பிழையானது. காடும் வெளியும் சந்திக்கும் ஓரத்தில் ஒளி மிகுதி. பூவும் பூச்சியும் மிகுதி. ஆகவே ஓரத்தை விரும்பும் உயிர்கள் அங்கே திரளும். அவை மனிதன் கண்ணுக்கும் எளிதில் புலப்படும். ஆனால் காட்டின் உள்ளிருளில் மட்டுமே வாழவல்ல உயிர்கள் வெளிக்கு வாரா. தீபகற்பத்தின் மலைக்காடுகளுக்கே உரிய மலைமயிற்கோழி அத்தகையது. உதிர்ந்த இலைகளுக்கிடையே ஓசையின்றி நடந்து இரைதேடும் அப்பறவையைப் பல நாள் காத்திருந்தவரும் காணாது திரும்புவதுண்டு. மலையின் நலத்தை அளக்க வேண்டின், கண்ணுக்குத் தெரியும் குரங்கை எண்ணுதல் போதாது. கண்ணுக்குத் தெரியாத அக்கோழி இன்னும் உள்ளதா என்று கேட்டல் வேண்டும்.

நிலத்தைத் திறந்துவிட்டால் எவ்வுயிர் பெருகும் என்பதற்குக் கிள்ளானே எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தோட்டப்பயிரைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்கென இலங்கையிலிருந்து காகங்களைக் கொணர்ந்து அங்கே விட்டனர். புழு ஒழிந்ததோ இல்லையோ, காகம் நகரெங்கும் நிறைந்தது. கொடைக்கானலிலோ நிலைமை வேறு. அங்குள்ள கோல்ப் மைதானத்தில் காட்டெருமை என மக்கள் வழங்கும் காட்டு மாடுகள் வந்து மேய்கின்றன. மலாயாக் காடுகளில் செலாடாங் எனப்படுவதும் அவ்வினமே. மேயும் காட்சி அழகியது. ஆயினும், காட்டு விலங்கு ஊருக்குள் மேய வருதல், காட்டின் எல்லை சுருங்கியதன் அறிகுறியும் ஆகலாம்.

மலையிலிருந்து இறங்கி வந்த விடை

மலையைப் புண்படுத்தினால் பள்ளத்தாக்கு அதன் விலையைக் கொடுக்கும் என்பதற்குப் பிரேசர் மலையின் அடிவாரத்திலேயே ஒரு சான்று உண்டு. கோலா குபுவின் மேலே பழைய அணை ஒன்று இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அது உடைந்து ஊரை அழித்தது. ஆங்கில அதிகாரி ரேங்கிங் என்பவரும் அவ்வெள்ளத்தில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதே காரணம் என மக்கள் கதை கூறினர். கதை எவ்வாறாயினும், அடுத்த பேரிடருக்குக் காரணம் முதலையன்று. மேல்நிலங்களில் ஈயம் அகழ்ந்தோர் கழித்த மண் ஆண்டுதோறும் ஆற்றில் படிந்து, ஆற்றுப்படுகையை உயர்த்திக்கொண்டே வந்தது. ஆறு ஊரைவிட மேலோங்கியபின் வெள்ளத்தைத் தடுப்பவர் யார்? 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் ஊர் நீரிலும் சேற்றிலும் ஆழ்ந்தது. ஈற்றில் அவ்வூரையே கைவிட்டு, மேட்டுநிலத்தில் புதியதோர் ஊரை அமைத்தனர். 1930களின் தொடக்கத்தில் எழுந்த அவ்வூரே கோலா குபு பாரு. 'பாரு' என்னும் மலாய்ச்சொல்லுக்குப் புதியது என்று பொருள். ஊர்ப்பெயரிலேயே ஒரு பாடம் பொதிந்திருக்கிறது.

ஆயினும் அப்பாடம் மறக்கப்பட்டது. பிற்காலத்தில் பிரேசர் மலையின் ஜெரியாவ் பகுதியில் 18 குழிகள் கொண்ட இரண்டாவது மைதானத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. முதல் மைதானமோ முன்னரே பாழான சுரங்கநிலத்தில் அமைந்தது. இரண்டாவது மைதானத்துக்கு உயிருள்ள காடே பலியாயிற்று. மழை வந்தது, வேர்ப்பிடிப்பிழந்த மண் கரைந்து ஓடிற்று, மக்கள் நீராடி மகிழ்ந்த ஜெரியாவ் அருவியின் குளத்தில் சேறு படிந்தது. ஒரே விளையாட்டுக்கென ஒரே மலையில் அமைந்த இரு புல்வெளிகளின் வேறுபாடு இதுவே. ஒன்று புண்ணை மூடியது; மற்றொன்று புண்ணை உண்டாக்கியது.

இது மலைமேல் வாழும் சிலரது கவலை மட்டுமன்று. இம்மலைகளின் மேற்குச் சரிவில் பெய்யும் மழையே சிலாங்கூர் ஆறாகப் பெருகுகிறது. 2000களின் தொடக்கத்தில் கோலா குபு பாருவுக்கு அருகே அவ்வாற்றின் குறுக்கே பேரணை கட்டப்பட்டது. அதற்காகத் தெமுவான் பழங்குடியினரின் கெராச்சி, பெரெத்தாக் ஆகிய இரு சிற்றூர்கள் இடம் பெயர்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இவ்வாற்றிலிருந்தே வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளியின் குழாயைத் திறக்கும் மாணவன் குடிப்பது, சியாமாங் கூவும் சரிவுகளில் பெய்த மழையை எனினும் மிகையாகாது. எஞ்சிய நீர் கடலை நோக்கிச் செல்லும் வழியில் கோலா சிலாங்கூர் அருகே கரையோர மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி அணைகின்றன. அம்மின்மினிகளின் வாழ்வும் ஆற்றுநீரின் தூய்மையைப் பொறுத்ததே.

ஆசிரியர் கடமை

பள்ளிச் சுற்றுலாவாகப் பிரேசர் மலைக்குச் செல்லும் மாணவர், மணிக்கூண்டின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். அவர்களை அப்புல்வெளியின் ஓரத்தில் அரைமணி நேரம் பேசாது நிற்கச் செய்தல் ஆசிரியர் கடமையாகும். காலடியில் புல், புல்லின் கீழே ஈயம் அகழ்ந்த மண், எதிரே கருவாலி இன மரங்களும் மரப்பெரணிகளும் நிறைந்த காடு, அதற்கும் அப்பால் தாம் குடிக்கும் நீரின் பிறப்பிடம். இவை நான்கையும் ஒரே பார்வையில் காணத்தக்க இடம் இந்நாட்டில் அரிது.

தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்தபோது விலங்கையும் பறவையையும் மாந்தர் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தது. ஒன்று கெடின் மற்றவையும் கெடும் என்பதைப் பிரேசர் மலை நூறாண்டு வரலாற்றால் மெய்ப்பித்துள்ளது. ஈயம் தோண்டியவர் போயினர். கழுதை ஓட்டியவர் மறைந்தார். ஆணையிட்டோர் தம் நாடு திரும்பினர். விடியலில் சியாமாங்கின் குரல் மட்டும் இன்னும் கேட்கிறது. அக்குரல் கேட்கும் வரையில் மலையில் காடு உண்டு. காடு உள்ள வரையில் பள்ளத்தாக்கில் நீர் உண்டு. குறிஞ்சியை ஏட்டில் மட்டும் கற்பிக்காது, இம்மண்ணிலும் காட்டிக் கற்பிக்கும் ஆசிரியரே அவ்விரண்டையும் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வல்லவர்.